இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு

வலிப்பு வரும் குழந்தை இருக்கிற வீட்டில் பீரோவுக்குள் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். ஐந்தாறு வருட மருந்துச் சீட்டுகள், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்த, மடித்து மடித்து நைந்துபோன இ.இ.ஜி. தாள்கள், உறை கிழிந்த ஒரு எம்.ஆர்.ஐ. படம். சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினால் ஒரு கதை தெரியும். முதலில் வால்ப்ரோயேட். பிறகு அதோடு லெவிடிரசெட்டம். அப்புறம் க்ளோபாசம். நடுவில் ஒன்றை நிறுத்திவிட்டு ஆக்ஸ்கார்பசெபின். நாலாவது வருடம் டோபிராமேட். குழந்தை தூங்கி வழிகிறது, பள்ளியில் பின்தங்குகிறது, ஃபிட்ஸ் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் ஒரே வாக்கியம் இருந்திருக்கும்: "இதையும் மாற்றிப் பார்ப்போம்."

ஆறுதலாகக் கேட்கும் இந்த வாக்கியம் கணக்கில் நிற்பதில்லை. 2000-ல் பேட்ரிக் குவான், மார்ட்டின் பிராடி என்ற இரு மருத்துவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடத்திய ஆய்வு வெளியானது. அதற்கு முன் வலிப்பு மருந்தே எடுத்திராத 470 பேரைப் பின்தொடர்ந்தார்கள். முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னொரு 13 சதவீதம். மூன்றாவதில் வெறும் 1 சதவீதம்; இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் 3 சதவீதம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரியவர்களே அதிகம். அதன் பிறகு புது மருந்துகள் பல வந்துவிட்டன. ஆனாலும் இந்த எண்கள் இறங்கும் வளைகோட்டின் வடிவம் பெரிதாக மாறவில்லை: இரண்டு மருந்துகளோடு அது தரையைத் தொட்டுவிடுகிறது. இன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரையால் வலிப்பு முழுதாக அடங்குவதில்லை.

இதை வைத்துத்தான் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-ல் ஒரு வரையறை கொடுத்தது. அந்த வகை வலிப்புக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளை, தாங்கக்கூடிய சரியான அளவில், தனியாகவோ சேர்த்தோ கொடுத்துப் பார்த்தும் வலிப்பு நிலையாக நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. ஐந்து வேண்டாம், எட்டு வேண்டாம், இரண்டு போதும். அந்த இடத்தில் குழந்தையை வலிப்பு அறுவை சிகிச்சை மையம் ஒன்றில் காட்ட வேண்டும் என்பதே அந்தக் கழகத்தின் பரிந்துரை.

பெற்றோருக்குக் காதில் விழுவது "அறுவை சிகிச்சை" என்ற சொல் மட்டும். "மண்டையைத் திறக்கப் போறாங்களாம்" என்று பாட்டி அழ ஆரம்பித்துவிடுவார். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதிப்பீட்டுக்குப் போவது வேறு, ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது வேறு. மதிப்பீட்டுக்குப் போகிற பல குழந்தைகள் ஆபரேஷன் இல்லாமலேயே வீடு திரும்புகிறார்கள். சிலர் சரியான மருந்தோடு திரும்புகிறார்கள். வேறு சிலர், வந்தது வலிப்பே இல்லை என்ற செய்தியோடு.

முதலில், இது நிஜமாகவே கட்டுப்படாததா?

மதிப்பீட்டின் முதல் படிக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை, பொறுமை மட்டும் வேண்டும். மருத்துவர் அந்தத் துணிப்பையைக் கவிழ்த்து ஒவ்வொரு சீட்டையும் படிக்க வேண்டும். குழந்தை 12 கிலோ இருந்தபோது எழுதிய அளவே 20 கிலோவிலும் தொடர்கிறதா? சிரப்பை அளவுக் குப்பியில் ஊற்றுகிறார்களா, வீட்டு ஸ்பூனிலா? பள்ளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மதிய வேளை மாத்திரை விட்டுப்போகிறதா? இப்படித் தவறிய மருந்தை "வேலை செய்யாத மருந்து" என்று கணக்கில் எழுதிவிட முடியாது.

மருந்தே தவறாக இருக்கலாம். சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் ஆப்சென்ஸ் வகைக்கும், காலையில் எழுந்ததும் கை சட்டென்று உதறிக் காப்பித் தம்ளரை நழுவவிடும் இளம்பருவ மயோக்ளோனிக் வகைக்கும் கார்பமசெபின் கொடுத்தால் நோய் கூடும். எஸ்.சி.என்.1.ஏ. என்ற மரபணு மாற்றத்தால் வரும் டிராவெட் கூட்டறிகுறியிலும் அப்படித்தான். நரம்புச் செல்களின் சோடியம் வாயில்களை அடைக்கும் கார்பமசெபின் போன்ற மருந்துகள் அங்கே எதிரிகள். மூளைக்குள் குளுக்கோஸைக் கொண்டுசேர்க்கும் புரதத்தில் குறை இருந்தால் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவே மருந்து. பைரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், கொடுத்தால் அடங்கிவிடும் அபூர்வ வகையும் உண்டு. இவற்றைத் தவறவிட்டுவிட்டுக் கத்தியைப் பற்றிப் பேசக் கூடாது.

அழுதழுது மூச்சடக்கி நீலம் பாரித்துத் துவண்டு விழும் குழந்தை, வெயிலில் அசெம்பிளியில் நின்று மயங்கிய சிறுமி, தூக்கத்தில் துள்ளும் கைக்குழந்தை: இவர்களுக்கெல்லாம் வருடக்கணக்கில் ஃபிட்ஸ் மாத்திரை போய்க்கொண்டிருப்பதும் உண்டு. இல்லாத வலிப்பு எந்த மருந்துக்கும் கட்டுப்படாது.

கட்டைவிரல் சொன்னது

1886 மே மாதம் லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி என்ற அறுவை மருத்துவர் 22 வயது இளைஞர் ஒருவரின் மண்டையைத் திறந்தார். சிறுவயதில் பட்ட அடியால் வந்த வலிப்பு. அப்போது எக்ஸ்ரே கிடையாது. அது வர இன்னும் 9 வருடம் இருந்தது. மனித மூளையின் மின்னலையை ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்ததே 1924-ல். எங்கே திறப்பது என்று ஹார்ஸ்லிக்கு எப்படித் தெரிந்தது? ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பியல் மருத்துவர் அதற்கு முன்பே ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதியிருந்தார். வலிப்பு கைவிரலில் துடித்து, கை வழியாக ஏறி, முகத்துக்குப் போகிறது என்றால், மூளையின் மேற்பரப்பில் விரலுக்குரிய இடத்தில் தொடங்கிய பொறி பக்கத்து இடங்களுக்குப் பரவுகிறது என்று பொருள். வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுவே முகவரி.

நூற்று நாற்பது வருடம் ஆகியும் மதிப்பீட்டின் மையக் கேள்வி மாறவில்லை. எங்கே தொடங்குகிறது? அந்த இடத்தை எடுத்தால் என்ன போகும்? மற்ற எல்லாச் சோதனைகளும் இந்த இரண்டுக்கும் பதில் தேடுகிற வழிகள்.

முதல் கேள்விக்கு இன்று மிக மலிவான சோதனைக் கருவி அம்மாவின் கைபேசி. ஃபிட்ஸ் வந்ததும் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதை விட்டுவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்த பிறகு, வீட்டில் இன்னொருவர் வீடியோ எடுத்தால் அது பல பக்க ரிப்போர்ட்டுக்குச் சமம். தலை எந்தப் பக்கம் திரும்பியது? ஒரு கை நீட்டி, மற்றக் கை மடங்கி, வாள்சண்டைக்காரர் போல நின்றதா? முடிந்த பிறகு எந்தக் கை சிறிது நேரம் தளர்ந்து கிடந்தது? வலிப்பு முடிந்ததும் எந்தக் கையால் மூக்கைத் துடைத்தது? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் மூளையின் பக்க மடலில், அதாவது காதையொட்டிய பகுதியில், தொடங்கும் வலிப்பில், குழந்தை பெரும்பாலும் பிரச்சினை இருக்கிற பக்கத்துக் கையாலேயே மூக்கைத் துடைக்கும். எதிர்ப்பக்கக் கை அப்போதைக்குச் சொன்னபடி கேட்பதில்லை.

காரணமில்லாமல் திடீர் திடீரென்று சிரிக்கும் குழந்தையைச் சாமி சிரிக்கவைக்கிறது என்று விட்டுவிடுவார்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் பிறவியிலேயே இருக்கும் சிறு கட்டி இப்படிச் சிரிப்பு வலிப்பை உண்டாக்கும். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்காது. வீடியோவில் கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த அறையில் வலிப்புக்காகக் காத்திருப்பார்கள்

சாதாரண இ.இ.ஜி. அரைமணி நேரம் எடுப்பது. அதில் பெரும்பாலும் வலிப்பு வராது. இரண்டு வலிப்புகளுக்கு இடையில் மூளை காட்டும் சிறு பொறிகள் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. மதிப்பீட்டுக்கு வேண்டியது வலிப்பு தொடங்கும் அந்த நொடியின் பதிவு. அதனால் குழந்தையை வீடியோ இ.இ.ஜி. வார்டில் சில நாட்கள் சேர்ப்பார்கள். தலையில் பசையால் ஒட்டிய மின்முனைகள், மேலே துணிக்கட்டு, சுவரில் இரவும் பகலும் ஓடும் கேமரா. தேவைப்பட்டால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தைக் குறைப்பார்கள்.

பெற்றோருக்கு இது தலைகீழான அனுபவம். இத்தனை வருடம் எது வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்களோ, அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். மூன்று நாள் வராமல் போனால், "வீட்ல தினமும் வருமே டாக்டர், இங்க வந்து வரலையே" என்று அம்மாதான் குற்றவுணர்வோடு சொல்வார். வலிப்பு வந்ததும் எந்த அம்மாவும் செய்வது ஒன்றுதான்: குழந்தை மேல் குனிந்து அணைத்துக்கொள்வார். கேமராவில் அம்மாவின் முதுகு மட்டும் பதிவாகும். அதனால் டெக்னீஷியன் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார். பொத்தானை அழுத்துங்கள், போர்வையை விலக்குங்கள், கேமராவை மறைக்காமல் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரு சொல்லைச் சொல்லிப் பிறகு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை பதில் பேசிக்கொண்டே இருந்ததா, புரிந்தும் பேச முடியவில்லையா, எதுவுமே காதில் விழவில்லையா என்பதில் மூளையின் எந்தப் பக்கம் சிக்கியிருக்கிறது என்ற துப்பு இருக்கிறது.

குழந்தைகளிடம் ஒரு சிக்கல் உண்டு. மூன்று வயதுக்குக் கீழே, வலிப்பின் தோற்றத்தை வைத்து இடம் சொல்வது கடினம். ஒரே மூலையில் தொடங்கியது கூட இரு கைகளையும் ஒன்றாக உதறவைக்கும். இ.இ.ஜி.யும் ஏமாற்றும். வெஸ்ட் கூட்டறிகுறி எனப்படும் கைக்குழந்தை வலிப்பில், தலை முழுக்க அலை குழம்பிக் கிடக்கும். (1841-ல் இதை முதலில் விவரித்த இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் வெஸ்ட் எழுதியது தன் சொந்த மகனைப் பற்றி.) அந்தக் குழப்பத்தைப் பார்த்து, "மூளை முழுதும் பாதிப்பு, ஆபரேஷனுக்கு இடமில்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் பிறவியிலேயே ஒரு பக்கத்தில் இருந்த கோளாறுதான் வளரும் மூளை முழுவதையும் கலக்கியிருக்கும்; அந்த ஓரிடத்தை எடுத்ததும் மறுபக்க அலையும் தெளிந்த குழந்தைகள் உண்டு. கைக்குழந்தையின் இ.இ.ஜி. தாளில் "இருபக்கமும்" என்று எழுதியிருந்தால் அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நார்மல் என்று வந்த எம்.ஆர்.ஐ.

பெரியவர்களில் வலிப்பு அறுவைக்கு வருபவர்களிடம் அதிகம் காணப்படுவது ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் தழும்பு. குழந்தைகளில் முதலிடம் வேறொன்றுக்கு. ஐரோப்பாவின் 12 நாடுகளில் 9,523 பேரிடம் ஆபரேஷனில் எடுத்த மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான அறிக்கை, குழந்தைகளில் 39.3 சதவீதம் பேருக்குக் காரணம் ஃபோகல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியா என்றது. கருவில் மூளையின் மேலுறை உருவாகும்போது செல்கள் அடுக்கடுக்காகப் போய் உட்கார வேண்டும். கொத்தனார் செங்கல் வரிசை கட்டும்போது ஒரு மூலையில் மட்டம் தப்பிப்போனது போல, ஓரிடத்தில் அடுக்கு குலைந்துவிடுகிறது. அந்த மூலை பார்க்கக் கட்டி மாதிரி இருக்காது. சாம்பல் நிறப் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவே உள்ள கோடு கொஞ்சம் மங்கியிருக்கும். அல்லது வெள்ளைப் பகுதிக்குள் ஒரு மெல்லிய வால் உள்நோக்கி நீண்டிருக்கும். அவ்வளவுதான்.

தலைவலிக்கு எடுக்கிற மாதிரி 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டி எடுத்த படத்தில் அந்த வால் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் விழுந்து மறைந்துவிடும். அதனால்தான் மையங்களில் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். "ஏற்கனவே எடுத்தாச்சே, நார்மல்னு சொன்னாங்களே" என்று செலவை நினைத்துப் பெற்றோர் தயங்குவது நியாயம்தான். ஆனால் இது வேறு சோதனை: கூடுமானால் 3 டெஸ்லா காந்த வலு உள்ள இயந்திரம், 1 மில்லிமீட்டர் தடிமன், இடைவெளி இல்லாத முப்பரிமாணப் படங்கள். வலிப்புக்கென்றே இப்படியொரு பட வரிசையைச் சர்வதேசக் கழகம் 2019-ல் பரிந்துரைத்திருக்கிறது. அதைப் பார்ப்பவரும் வலிப்புப் படங்களைப் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும், வீடியோ இ.இ.ஜி. எந்த மூலையைக் காட்டியது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். எங்கே தேடுவது என்று தெரிந்த கண்ணுக்குத்தான் அந்த வால் தெரியும்.

வயதும் விளையாடும். பிறந்த சில மாதங்களில் தெரிகிற டிஸ்பிளேசியா, நரம்பிழைகளின் மேல் மையலின் உறை படியும் காலத்தில் மறைந்து, இரண்டு வயதுக்குப் பிறகு மீண்டும் தெளிவாகத் தெரியலாம். எட்டு மாதத்தில் நார்மலாக வந்த படத்தை மூன்று வயதில் திரும்ப எடுப்பதில் வீண்செலவு எதுவும் இல்லை.

நம் நாட்டுக் குழந்தைகளின் படங்களில் இன்னொரு காட்சி அடிக்கடி வரும். பிறந்த முதல் நாட்களில் பால் போதாமலோ வேறு காரணத்தாலோ இரத்தச் சர்க்கரை இறங்கிப்போய், மூளையின் பின்பகுதி இரண்டு பக்கமும் தழும்பாகிவிட்டிருக்கும். பார்வைக்குரிய இடம் அது. இருபக்கமும் சமமாகப் பாதிக்கப்பட்டிருந்தால் வெட்டி எடுக்க ஒரு மூலை கிடைக்காது. பிரசவ வார்டில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வலிப்பு இது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

எடுத்தால் என்ன போகும்?

இரண்டாவது கேள்வி இது. நரம்பியல் உளவியலாளர் குழந்தையோடு உட்கார்ந்து பேச்சு, நினைவு, கவனம், கைத்திறன் எல்லாவற்றையும் அளப்பார். பீனே-காமத், மாலின் அளவுகோல், வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் போன்றவை இந்தியாவில் புழக்கத்தில் உள்ளவை. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் குழந்தைக்கு எந்த மொழியில் சோதிப்பது என்பது சின்ன விஷயமில்லை. ஆங்கிலத்தில் கதை சொல்லி நினைவைச் சோதித்தால் மொழித் தடுமாற்றம் நினைவுக் குறையாக எழுதப்பட்டுவிடும். இடது பக்க மடலைத் தொடப் போகிறார்கள் என்றால் சொல் நினைவின் உண்மையான அளவு தெரிந்தே ஆக வேண்டும். பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இப்போது பெரும்பாலும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கிறார்கள். ஸ்கேனுக்குள் அசையாமல் படுத்து, கேட்ட சொல்லுக்கு வினைச்சொல் யோசிக்கக்கூடிய குழந்தையிடம்தான் அது நடக்கும்.

இங்கே குழந்தைக்குப் பெரியவர்களிடம் இல்லாத ஒரு சலுகை இருக்கிறது. சின்ன வயதில் மூளை வேலைகளை இடம் மாற்றிக்கொள்ளும். பிறக்கும்போதே இடது அரைக்கோளம் கெட்டுப்போன குழந்தைக்குப் பேச்சு பெரும்பாலும் வலப்பக்கம் குடியேறியிருக்கும். வலது கை ஏற்கனவே பலவீனமாக, விரல்களைத் தனித்தனியாக அசைக்க முடியாமல் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு அந்த அரைக்கோளத்தின் தொடர்பை முழுவதுமாகத் துண்டித்தாலும் புதிதாக இழக்க மிச்சம் கொஞ்சமே. ஆபரேஷனுக்கு முன் நடந்த குழந்தைகள் பெரும்பாலும் பின்னரும் நடக்கிறார்கள். பார்வையில் ஒரு பக்கப் பாதி போகும். விரல் நுணுக்கம் திரும்ப வராது. தினமும் பத்து, இருபது முறை விழுகிற குழந்தையின் வீட்டார் அந்தப் பேரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை வெளியில் இருந்து நாம் சொல்லக் கூடாது.

ராஸ்முசென் மூளையழற்சியில் இந்தப் பேரம் கொடூரமாகிவிடும். நன்றாக ஓடியாடிய ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு பக்க மூளை மட்டும் மெல்ல மெல்ல அழற்சியால் கரைகிறது. கை இன்னும் வேலை செய்கிறது, பேச்சு இன்னும் இருக்கிறது, ஆனால் வலிப்பு ஓயவில்லை. எப்படியும் போகப் போகிற கையை இப்போதே விட்டுக்கொடுப்பதா, போகும்வரை காத்திருப்பதா? காத்திருந்தால் மறுபக்கத்துக்குப் பேச்சு குடிபெயரும் வயது கடந்துபோகிறது. எந்த ஸ்கேனும் இதற்குப் பதில் சொல்லாது. மருத்துவர்களும் பெற்றோரும் பல முறை உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வீடியோ இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே இடத்தைச் சுட்டினால் வேலை சுலபம். சுட்டாவிட்டால்தான் மற்றச் சோதனைகள். பெட் ஸ்கேன், வலிப்பில்லாத நேரத்தில் சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் சோம்பேறி மூலையைக் காட்டும். ஸ்பெக்ட் சோதனை, வலிப்பின்போது இரத்த ஓட்டம் கூடும் இடத்தைக் காட்டும்; அதற்கு வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் படத்துக்கான மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும். ஊசியோடு ஒருவர் பக்கத்திலேயே காவல் இருப்பார். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.இ.ஜி. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மிகச் சில இடங்களில்தான் உண்டு. இவையும் கைகொடுக்காதபோது, மண்டையில் நூலளவு துளைகளிட்டு மெல்லிய மின்முனைகளை மூளைக்குள் இறக்கி அங்கேயே காத்திருப்பது கடைசி வழி. 1950-களின் பிற்பகுதியில் பாரிஸில் தலைராக், பான்கோ என்ற இருவர் தொடங்கிய முறை அது. எங்கே இறக்குவது என்பதற்கு ஏற்கனவே ஓர் ஊகம் இருந்தால்தான் அதில் பயன் உண்டு. இருட்டில் கிணறு வெட்டுவதற்கு அது உதவாது.

இத்தனையும் வந்த பிறகு குழந்தை நரம்பியல் மருத்துவர், அறுவை மருத்துவர், கதிரியக்க மருத்துவர், உளவியலாளர் எல்லோரும் ஒரே அறையில் கூடி, திரையில் அந்தக் குழந்தையின் வலிப்பு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு நல்ல மையத்தை அடையாளம் காட்டுவது கட்டடமோ இயந்திரமோ இல்லை, இந்தக் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் என்பது என் கருத்து. அங்கே ஒருவராவது "எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை" என்று சொல்ல முடிய வேண்டும்.

வேலூரிலிருந்து டெல்லி வரை

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. ஆனால் கனடாவின் மாண்ட்ரியலில், வலிப்பு அறுவையின் முன்னோடி வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான அறுவை 1950-களிலேயே அங்கு நடந்தது. பிறகு பல காலம் மந்தமாகக் கிடந்து, 1995-ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் கே. ராதாகிருஷ்ணன் முன்னின்ற திட்டத்தோடு மறுபடி சூடு பிடித்தது.

உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்றும் இங்கிருந்துதான் போனது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள 116 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 பேருக்கு ஆபரேஷனும் மருந்தும். 59 பேருக்கு ஆபரேஷன் காத்திருப்புப் பட்டியலில் இருந்தபடி மருந்து மட்டும். ஒரு வருடம் கழித்து முதல் குழுவில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. இரண்டாவது குழுவில் 7 சதவீதம். 2017-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இந்த முடிவில் பாதகங்களையும் மறைக்கவில்லை: ஆபரேஷன் செய்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத் தீவிர பாதிப்பு. ஒருபக்கக் கை கால் பலவீனம் போல, எடுத்த இடத்தைப் பொறுத்து முன்கூட்டியே எதிர்பார்த்தவை அவை. நடத்தை, வாழ்க்கைத் தரம், சமூகத் திறன் மேம்பட்டன. அறிவுத்திறன் எண்ணில் அந்த ஒரு வருடத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலிப்பு நின்றதும் பிள்ளை வகுப்பில் முதல் மாணவன் ஆகிவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த 57 பேரும் முழு மதிப்பீட்டைத் தாண்டி, பொருத்தம் என்று தேர்வானவர்கள் என்பதையும் சேர்த்தே 77-ஐப் படிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியாத குழந்தைக்கு வாய்ப்பு இதைவிடக் குறைவு.

மதிப்பீடு "இல்லை" என்று முடிந்தால்? வலிப்பு பல இடங்களில் தொடங்குகிறது, அல்லது பேச்சுக்குரிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் வழிகள் உண்டு. திடீர் திடீரென்று வெட்டிய மரம் போல விழுந்து முகத்தை உடைத்துக்கொள்ளும் குழந்தைக்கு, இரு அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்தைத் துண்டித்தால் விழுவது குறையும். கழுத்து நரம்பில் வைக்கும் மின்தூண்டி உண்டு. கீட்டோஜெனிக் உணவு உண்டு. இட்லி, சோறு எல்லாவற்றையும் எடைபோட்டு ஒதுக்கும் அந்த உணவை நம் சமையலறையில் நடத்துவது அம்மாக்களுக்குப் பெரும்பாடு, ஆனால் பலன் கிடைப்பவர்களுக்கு நன்றாகவே கிடைக்கிறது. மரபணுச் சோதனையில் காரணம் தெரிந்தால் அடுத்த குழந்தைக்கான ஆலோசனையும் சொல்ல முடியும்.

நான் மேலே சொன்ன ஐரோப்பிய அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. வலிப்பு தொடங்கியதிலிருந்து ஆபரேஷன் வரை குழந்தைகள் சராசரியாகக் காத்திருந்தது 5.3 வருடம். வசதிகள் உள்ள ஐரோப்பாவில். பேச்சும் நடையும் கல்வியும் முளைக்கிற வயதில் ஐந்து வருடம் என்பது எவ்வளவு பெரிய துண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுப்படாத வலிப்பு, அதிலும் தூக்கத்தில் வரும் பெரிய வலிப்பு, அபூர்வமாகத் திடீர் மரணத்துக்கும் காரணமாகிறது. ஆபரேஷனின் ஆபத்தை எடைபோடும் தராசில் மறுதட்டு காலியாக இருப்பதுபோல் நடந்துகொள்வது நம் வழக்கம்.

மையத்துக்குப் போகிறவர்கள் அந்தத் துணிப்பையை அப்படியே எடுத்துப் போங்கள்; பழையது என்று எதையும் கழிக்க வேண்டாம். மருந்துகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எது, எந்த வயதில், எந்த அளவுவரை, ஏன் நிறுத்தினார்கள். பிறந்தபோது அழுததா, மஞ்சள் காமாலை, சர்க்கரைக் குறைவு, காய்ச்சலோடு வந்த முதல் ஜன்னி எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தப் பக்கம் இழுத்தது என்பதைப் பாட்டியிடம் கேட்டுக் குறியுங்கள். பெரும்பாலும் அவருக்குத்தான் சரியாக நினைவிருக்கும். எம்.ஆர்.ஐ.க்கு அச்சிட்ட படம் போதாது, குறுந்தகடும் வேண்டும். கைபேசியில் இருக்கிற வீடியோக்களை, தெளிவில்லாதவை உட்பட, ஒன்றையும் அழிக்காதீர்கள். ஃபிட்ஸ் தொடங்குகிற முதல் பத்து நொடி பதிவான வீடியோ எதுவோ, அதை முதலில் காட்டுங்கள்.